வீட்டில் எல்லாரும் சுகம்

விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று எங்கள் பையனுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. நான் அவனைக் குளிப்பாட்டி முதுகைத் துவட்டிக்கொண்டிருந்தேன். மனுஷன் நல்ல நேரம் பார்த்தார். "அந்தப் பவுடர் டப்பாவ முதல்ல எடுங்க அத்தான்" என்றேன். எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதையே மறுபடியும் சொன்னார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் விமானம் இறங்க இடமே கிடையாது. கப்பல் வரும், தோணி வரும், உப்பு லாரி தெருவெல்லாம் சிந்திக்கொண்டு போகும். எப்போதாவது வெகு உயரத்தில் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கிற ஆட்கள் எங்கள் தெருவில் இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொன்று எங்கள் நாய். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த மனிதர், எனக்குத் தெரியாமல் ஹைதராபாத்தில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். ஆபீஸ் வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டு மதராஸ் போய்க் கண் பரிசோதனையும் முடித்துவந்திருக்கிறார். எல்லாம் கைகூடி வந்த பிறகுதான் பெண்டாட்டி ஞாபகம் வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். என் கோபத்தின் ஆயுசு அவ்வளவுதான் என்பது கல்யாணமான முதல் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் போனபிறகு வீட்டில் நானும் பையனும் மாமாவும். மாமா என்பது அவருடைய அப்பா. நாசரேத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குத் துணையாக வந்து தங்கினார். பேச்சு குறைவு. பொய் என்றால் ஆகவே ஆகாது. கடைக்காரர் "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி" என்று கேட்டால்கூட, முட்டு வலியைச் சொல்லாமல் விடமாட்டார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பையனைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டு அக்கா. அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். விடியும் முன்னால் வள்ளத்தில் ஏறிப் போய், கடலில் முங்கிச் சங்கு எடுத்து, சாயங்காலத்துக்குள் கரைக்கு வந்துவிடுவார்.

மிச்சம் இருந்தது நாயும் பூனையும். நாயை இவர்தான் துறைமுகத்தில் சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியிலிருந்து சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியே இருக்கும். பூனையை யாரும் கொண்டுவரவில்லை, மீன் வாசனைக்குத் தானாக வந்து வீட்டை எடுத்துக்கொண்டது. பையன் பிறந்த பிறகு நாய் தொட்டிலுக்குக் கீழேயே படுக்க ஆரம்பித்தது. தொட்டில் ஈரமானால் சொட்டுவது அதன் முதுகில்தான். எழுந்து போகாது. "இது நாயா, ஆயாவா" என்று அக்கா சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹைதராபாத்திலிருந்து கடிதம் எழுதுவார். வந்து சேர நான்கு நாள் ஆகும். நான் சனிக்கிழமை தோறும் எழுதுவேன். அவர் கடிதத்தில் பாதி எனக்குப் புரியாது. காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்று படம் போட்டு அனுப்புவார். இரண்டே இருக்கை உள்ள சின்ன விமானம், அவரும் சொல்லிக்கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டரும். பட்டாளத்தில் இருந்து வந்த கறாரான மனிதராம் அந்த இன்ஸ்ட்ரக்டர். தினமும் காலையில் பையன்களை வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பாராம், வீட்டில் எல்லாரும் சுகமா என்று. சுகம் என்றால்தான் அன்று விமானத்தில் ஏறலாம். கொஞ்சம் தயங்கினாலும் போய் உட்காரு என்று சொல்லிவிடுவாராம்.

இதை அவர் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார். நானும் வேடிக்கையாகப் பதில் எழுதினேன். அது முதல் என் கடிதம் ஒவ்வொன்றும் 'வீட்டில் எல்லாரும் சுகம், தைரியமாக ஏறலாம்' என்றுதான் தொடங்கும். அதற்குப் பிறகு பையன் புராணம். குப்புற விழுந்தான். தவழ்ந்தான். தவழ்ந்து போய் நாயின் தட்டில் கையை விட்டான். பூனையின் வாலைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் கீறல் வாங்கிக்கொண்டான். கீறலைக்கூட எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை.

ஆறாம் மாதம் ஒரு கடிதம் வேறு மாதிரி வந்தது. அவரோடு படித்த ஒரு பையனுக்குக் காலையில் ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, தகப்பனார் படுக்கையில் இருக்கிறார் என்று. அவன் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, இன்ஸ்ட்ரக்டர் கேட்டதற்குச் சுகம் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஏறியிருக்கிறான். இறங்கும்போது தரை எவ்வளவு தூரம் என்பதைச் சரியாகப் பார்க்கவில்லை. விமானம் குப்புறக் கவிழ்ந்து, அவனுக்கு இரண்டு காலும் போயிற்று. 'மனசு ஒரு இடத்தில் இருந்தால் கை இன்னொரு இடத்தில் வேலை செய்யாது என்பதைக் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

அவர்களிடம் இருந்ததே இரண்டு விமானம். ஒன்று கவிழ்ந்துவிட்டது, இன்னொன்று பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முதல் லைசென்ஸ் வாங்க அவருக்கு ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. தனியாக ஓட்டிக்கொண்டு போய், நடுவில் வேறொரு ஊரில் இறங்கி, திரும்பி வரவேண்டும். விமானம் தயாரானதும் இவர் முறை. நாளைக்கும் இருக்கலாம், அடுத்த வாரமும் இருக்கலாம், எந்த நாளும் ஊரை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் வரிசையில் கடைசி ஆள் ஆகிவிடுவேன் என்று எழுதினார். நான் அந்த வாரக் கடிதத்தை வழக்கம்போல எழுதி, சனிக்கிழமை மத்தியானம் தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் ஞாயிறு. மாமா ஒரு கல்யாணத்துக்காக நாசரேத் போயிருந்தார். அக்கா பிள்ளைகளோடு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பையன் தவழ்ந்து வந்து, படுத்திருந்த நாயின் கழுத்து முடியைப் பிடித்தான். நாய் எழுந்தது. அதோடு அவனும் எழுந்தான். இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காலை அகல வைத்து, நின்றான். பிறகு ஒரு கையை விட்டான். என்னைப் பார்த்து ஒரு பெருமைச் சிரிப்பு சிரித்தான். நாய் அசையவே இல்லை, ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தும் தலையை உதறவில்லை. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அப்புறம் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு முற்றம் முழுக்கச் சுற்றினேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது, தெருவில் ஒரு ஆள் இல்லை. நேற்றுத்தானே கடிதம் போட்டோம், அடுத்த சனிக்கிழமை எழுதிக்கொள்ளலாம், அதற்குள் நாலு அடி நடந்தாலும் நடப்பான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் உடம்பு சுட்டது. செவ்வாய்க்கிழமை இரவு வலிப்பு வந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர், மூன்று நாள் போகட்டும் பார்க்கலாம் என்றார். டாக்டர் நல்ல மனிதர், அவர் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மாமா அன்றைக்கே தபால் ஆபீஸுக்குப் போய்த் தந்திப் படிவம் வாங்கிவந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்து, தம்முடைய அழகான கையெழுத்தில் நிரப்பினார். குழந்தைக்குக் கடுமை, உடனே புறப்படு. என்னிடம் காட்டினார். "இப்ப அடிச்சா நாளைக்குக் கெடச்சிரும். சனிக்கிழமைக்குள்ள வந்திருவான்" என்றார்.

அக்கா பையனுக்குக் கஞ்சித் தண்ணி கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு அந்தப் படிவத்தைப் படிக்கத் தெரியாது, ஆனால் தந்தி என்றால் என்னவென்று தெரியும். என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏளா, அங்கன அவரு மேல ஏறுத வேலையில இருக்காருன்னு சொன்னியே. அப்ப சேதி விடாத, கேட்டியா? என் மூத்தவனுக்கு வலிப்பு வந்த அன்னைக்கு, இவரு வலையும் பையும் எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்காரு. நான் வாயில சீலையப் பொத்திக்கிட்டு, போயிட்டு வாங்கன்னேன். கலக்கத்தோட முங்குனா மூச்சு நிக்காதுளா. சாயங்காலம் கடக்கரையில போயி நின்னேன். வள்ளத்த விட்டு எறங்கி, அவரு காலு மணல்ல பட்டதும் சொன்னேன். எங்க சனம் முச்சூடும் அப்பிடித்தான்."

மாமா அதைக் கேட்டுவிட்டார். "அவங்க வழக்கம் அவங்களுக்கு. நமக்கு அது வேண்டாம்மா. தகப்பன்கிட்ட மறைக்கிறது பாவம்" என்றார்.

அந்த இடத்தில் முடிவு எடுத்தது நான். அக்கா மீது பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவள் சொன்னாள், அவ்வளவுதான். என் கண்ணுக்குக் கவிழ்ந்து கிடக்கிற விமானம்தான் தெரிந்தது. தந்தி போய்ச் சேருகிற நேரத்தில் அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தால்? வரிசை போய்விடுமே என்று ஏறிவிட்டால்? பிள்ளை பிழைத்துக்கொள்வான், புருஷன் போய்விட்டால் என்ன செய்வேன்? இப்படித்தான் கணக்குப் போட்டேன். படிவத்தை மாமா கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தேன். மருமகள் அப்படிச் செய்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் எழுதமாட்டேன்" என்றார். "நீ சொல்லாதன்னு சொன்னா மெய்யும் எழுதல. ஆனா இனி என் கடுதாசி அவனுக்குப் போகாது."

அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிப் பெஞ்சியில் இருந்தே எழுதினேன். 'வீட்டில் எல்லாரும் சுகம், தைரியமாக ஏறலாம்.' அதற்குமேல் ஒரு வரியும் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை அதிகம், அதனால் சிறிய கடிதம் என்று முடித்தேன். தினமும் காலையில் இன்றைக்கு அவர் பறந்துவிட்டால் நாளைக்குத் தந்தி அடித்துவிடலாம் என்று நினைப்பேன். விமானம் பழுதுபார்த்து முடிந்தபாடில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று எட்டு நாள் போயிற்று. எட்டாம் நாள் மத்தியானம், என் மடியில் இருந்தபடியே பையன் போய்விட்டான். பத்து மாதம் அவனுக்கு.

அன்று சாயங்காலமே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். சின்னக் குழி. மாமா பெட்டியைத் தாமே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. நாசரேத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், அவருக்கு எழுதிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். எங்கள் சொந்தத்தில் வாயைக் கட்டுவது சாமானியமில்லை. என் முகத்தைப் பார்த்து எல்லாரும் சரி என்றார்கள். வீட்டுக்கு வந்தால் நாய் தொட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. மாமா தொட்டில் சேலையை அவிழ்த்தார். அப்போதும் அது அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அதை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்தேன். போன வாரம் போல இரண்டு வரி எழுதினால் சந்தேகப்படுவார். பையனைப் பற்றி எதையாவது எழுதவேண்டும். பொய் சொல்ல வாய் வரவில்லை. அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அதுதான் உண்மையாயிற்றே, அதை எழுதினால் என்ன என்று தோன்றியது. 'நேற்றுச் சாயங்காலம் நம் பையன் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்' என்று ஆரம்பித்தேன். ஒரு கையை விட்டதை எழுதினேன், ஈ உட்கார்ந்ததை எழுதினேன், சிரித்ததை எழுதினேன். எழுதி முடிக்கும்போது இரண்டு பக்கம் ஆகியிருந்தது. மேலே அன்றைய தேதியைப் போட்டேன்.

அதற்கடுத்த வாரம் உண்மை தீர்ந்துவிட்டது. மேல்பல் முளைத்திருக்கிறது என்று எழுதினேன். அதற்கு அடுத்த வாரம், கோயிலில் எல்லாரும் பாடும்போது இவனும் கை தட்டுகிறான், பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார் என்று எழுதினேன். அதற்கும் அடுத்த வாரம், உங்கள் படத்தைக் காட்டி யாரென்று கேட்டால் "ப்பா" என்கிறான் என்று எழுதினேன். எல்லாம் நன்றாகவே வந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க நான் அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் மேஜைக்கு எதிரே பையன் வளர்ந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் மறைத்தது அவருக்காக. இந்தக் கடிதங்களை எழுதியது எனக்காக. இதை அப்போதே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

மாமா எதிர் நாற்காலியில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருப்பார். அப்பா ஏன் எழுதவில்லை என்று இவர் கேட்டிருந்தார். கைவலி என்று எழுதினேன். அதையும் மாமாவிடம் சொல்லவில்லை.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது தபால்காரர் மூலமாக. வாரா வாரம் டீச்சர் தடித்த கடிதமாகப் போடுகிறாரே என்று அவர் சொல்லியிருக்கிறார். வேகமாக வந்தாள். "இன்னுமா சொல்லல?" என்றாள். இன்னும் பறக்கவில்லையாம், பறந்ததும் சொல்லிவிடுவேன் என்றேன். நான் என்ன எழுதுகிறேன் என்பதையும் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடியாத்தி, நான் உன்கிட்ட இதையா சொன்னேன்? காலையில வாய மூடுனா சாயங்காலம் தொறந்திருவோம்ளா நாங்க. கடலுக்குப் போன மனுஷன் அன்னன்னைக்குக் கரைக்கு வந்திருதான்லா. உன் மனுஷனுக்குக் கர ஏது? வாயப் பொத்தச் சொன்னேனே தவிர, பிள்ளை எந்திச்சு ஆடுதான்னா சொல்லச் சொன்னேன்?"

 அந்த வாரமே எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று காகிதத்தை எடுத்தேன். எடுத்தேனே தவிர, பையன் "ப்பா" சொன்னதைப் படித்துவிட்டு அவர் போட்ட பதில் அன்று காலையில்தான் வந்திருந்தது. அதில் கடைசி வரி, அடுத்த வாரம் திங்கட்கிழமை பறக்கிறேன் என்று இருந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் தந்தி வந்தது. தேறிவிட்டேன், புறப்படுகிறேன் என்று. மாமா அதை வாங்கிப் படித்துவிட்டு, தம்முடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயில் காலையில் வரும். மாமா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று நான் மட்டும் போனேன். அவர் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்னால் சொல்லிவிடவேண்டும் என்பது ஒன்றுதான் அக்கா சொன்னதில் எனக்கு மிஞ்சியிருந்தது. கறுத்துப் போயிருந்தார், மெலிந்திருந்தார், ஆனால் முகம் கல்யாணத்தன்று இருந்ததைவிட நன்றாக இருந்தது. படுக்கைச் சுருளோடு சேர்த்து ஒரு நடைவண்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிவப்பும் பச்சையும் சாயம் அடித்த மூன்று சக்கர நடைவண்டி. ஹைதராபாத்திலிருந்து இரண்டு ரயில் மாறி அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

"எந்திச்சு நின்னுட்டான்னா அடுத்து நடைதான. எங்க அவன்? அப்பாகிட்டயா விட்டுட்டு வந்த?" என்றார்.

"பிள்ளை இல்ல அத்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். எப்போது என்று கேட்டார், தேதியைச் சொன்னேன். பிளாட்பாரத்தில் ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் நடைவண்டியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"தெனமும் காலையில அவரு கேப்பாரு. சுகம்னு சொன்னேன்ளா" என்றார். "தெனமும் சொன்னேன். உன் கடுதாசிய நம்பிச் சொன்னேன்."

அழுதது வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்பாவும் மகனும் ஒரு அறையில் அழுதார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, பெட்டியிலிருந்து என் கடிதங்களை எடுத்தார். ஒன்று விடாமல் தேதி வரிசையில் அடுக்கி நூலால் கட்டி வைத்திருந்தார். கட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். நான் சொன்ன தேதி வரைக்கும் ஒரு பக்கம், அதற்குப் பிறகு வந்தவை ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் எழுதியதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதையும் இரண்டாவது பக்கத்தில் சேர்த்தார்.

"இதெல்லாம்?" என்று கேட்டார்.

"நானா எழுதினது."

"பல்லு?"

"நானா எழுதினது."

"ப்பான்னு சொன்னது?"

தலையை ஆட்டினேன். பிறகு சொன்னேன், "நின்னது மட்டும் நெசம் அத்தான். காச்சல் வாரதுக்கு முந்தின நாளு. முற்றத்துல. நான் கண்ணால பாத்தேன்."

அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தார். மேலே இருந்த தேதியைப் பார்த்தார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். முதல் வரியில் விரலை வைத்தார்.

"நேத்துச் சாயங்காலம்னு எழுதியிருக்க."

"ஆமா. எழுதினது பொய். நடந்தது மெய்."

"வேற யாரு பாத்தா?"

மாமா கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். நாய் இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

"சரி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை ஒரு காரணம் சொன்னால் நான் சொல்வேனே, அந்தச் சரி. கடிதத்தைப் பழையபடி மடித்து, பொய்களோடு சேர்த்து வைத்தார்.

அடுத்த லைசென்ஸுக்கு அவர் திரும்பிப் போகவேண்டும். இடம் காத்திருந்தது, இன்ஸ்ட்ரக்டரே கடிதம் எழுதியிருந்தார். இவர் போகவில்லை. பழைய கம்பெனியில் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். போங்களேன், எனக்காக நிற்கவேண்டாம் என்று ஒரு நாள் நான் கெஞ்சினேன். "காலையில அந்தக் கேள்வியக் கேப்பாருளா. நான் எத வச்சுப் பதில் சொல்லுவேன்?" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவர் கெட்டவரில்லை. கை நீட்டியதில்லை, குத்திக்காட்டியதில்லை, சொந்தக்காரர்கள் யாராவது என்னைக் குறை சொன்னால் விட்டுக்கொடுத்ததும் இல்லை. நான் அழுதால் பக்கத்தில் வந்து உட்காருவார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே நான் நம்ப ஆரம்பித்திருந்தேன். அடுத்த வருஷம் பெண் பிறந்தாள்.

அவளுக்குப் பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இவர் பின்பக்கம் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், பூனை காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெண் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கையை விட்டாள். நின்றாள். "அத்தான், ஓடி வாங்க, நிக்கா, நிக்கா" என்று கத்தினேன். முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். அவர் வருவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். வாளியை ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நின்னா அத்தான். இப்பத்தான். கைய விட்டுட்டு நின்னா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"அக்கா, நின்னாளா?" என்று கேட்டார்.

அக்கா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நின்னா தம்பி, நான் பாத்தேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். குனிந்து மகளைத் தூக்கிக்கொண்டார். நான் மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.